எதிர் வீட்டு நட்சத்திரம்

1

கெல்லரம்மா அழைப்புமணியை ஒரு தடவைதான் அழுத்துவார். கதவு திறக்கும்வரை அப்படியே நிற்பார். நேற்று மழைச்சாரலோடு வந்து நின்றார். எங்கள் ஜெர்மன் சிற்றூரில் கத்தோலிக்கக் கோயிலுக்கும் புராட்டஸ்டண்டு கோயிலுக்கும் பொதுவாக ஒரு குழு உண்டு. அதில் எல்லாமே அவர்தான். நேராக விஷயத்துக்கு வந்தார்.

"இந்த வருஷம் உங்கள் சன்னலைத் தர முடியுமா?"

சன்னலைக் கேட்பது இங்கே ஒரு வழக்கம். டிசம்பர் பிறந்தால் கிறிஸ்துமஸ்வரை ஒவ்வொரு மாலையும் ஒரு வீட்டின் முறை. அந்த வீட்டுச் சன்னலில் விளக்கு வைத்து, காகிதத்தில் கத்தரித்த தேதியை ஒட்டி அலங்கரிப்பார்கள். இரண்டு கோயில்காரர்களும் தெருவில் கூடி அந்த வெளிச்சத்தைப் பார்த்துப் பாடுவார்கள். சின்னதாக ஒரு வாசகம், அதைவிடச் சின்னதாக ஒரு ஜெபம். அப்புறம் கிராம்பும் பட்டையும் போட்டுக் காய்ச்சிய பழரசம். அவரவர் கப்பை அவரவரே வீட்டிலிருந்து கொண்டுவருவார்கள். குடித்து, துடைத்து, கைப்பையில் போட்டுக்கொண்டு கலைந்துபோவார்கள்.

இத்தனை வருஷமாக நாங்களும் போய்ப் பனியில் நின்று பாடியிருக்கிறோம். எங்கள் சன்னலை யாரும் கேட்டதில்லை. கேட்டதும் மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது சந்தேகம். ஏன் இந்த வருஷம்? ஏன் நாங்கள்? வேறு யாரும் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்களா? கோயில் பத்திரிகையில் போட மாநிறத்தில் ஒரு குடும்பப் படம் தேவைப்படுகிறதா?

"நாளைக்குச் சொல்கிறேன்" என்றேன். தலையசைத்துவிட்டுப் படியிறங்கினார். அவர் குடையிலிருந்து சொட்டிய தண்ணீர் வாசலில் ஒரு சின்ன வட்டமாகக் கிடந்தது.

கதவைச் சாத்திய பிறகுதான் உறைத்தது. எங்கள் வீட்டுச் சன்னல்கள் தெருவைப் பார்ப்பதே இல்லை. அவை பார்ப்பது பின்முற்றத்தை, குப்பைத் தொட்டிகளை, ஒரு மொட்டை மரத்தை. தெருவைப் பார்க்கும் சன்னல்கள் அதே மாடியில் எங்கள் கதவைப் பார்த்தபடி இருக்கும் எதிர் வீட்டு பிரான்ட் கிழவருடையவை. நான் வேலை செய்யும் ஆலையில் லேத் ஓட்டி ஓய்வுபெற்றவர். கோயில் பக்கமே போகாதவர், அதில் கொஞ்சம் பெருமையும் உள்ளவர். நாங்கள் இல்லாதபோது வரும் பார்சல்களை வாங்கி வைத்து, ஒரு சொல் பேசாமல் நீட்டுவார்.

ஆக, கொடுக்க என்னிடம் சன்னலே இல்லை. இல்லாத சன்னலுக்கு எதற்கு இத்தனை சந்தேகம் என்று கேட்பீர்கள். நான் ஓசூர்க்காரன். சபைகள் எல்லாம் ஒன்றுகூடி ஜெபிக்கப் போகின்றன என்று யாராவது சொன்னால் என் கை தானாகச் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும்.

2

இந்த ஊருக்கு வந்த புதிதில் நகராட்சி அலுவலகத்தில் பதிவுசெய்யப் போனோம். பெயர், பிறந்த ஊர், அடுத்தது மதம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் புராட்டஸ்டண்டா, கத்தோலிக்கமா என்று மட்டும் கேட்டார். குடும்பத்தைக் கேட்கிறார் என்று நினைத்து "இரண்டும்" என்றேன். நான் ஓசூரில் ஆராதனைக்குப் போகிற புராட்டஸ்டண்டு வீடு. மனைவி ஜெயராணி கிருஷ்ணகிரியில் பூசைக்குப் போகிற கத்தோலிக்க வீடு. "இரண்டும் என்று ஒரு கட்டம் இல்லையே" என்றார் அந்தப் பெண். எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் கல்யாணத்தின்போது இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் இதையேதான் சொன்னார்கள், இவ்வளவு மரியாதை இல்லாமல்.

அதே அலுவலகத்துக்கு இந்த வருஷம் எங்கள் மகன் ஜோயல் தனியாகப் போனான். எனக்கு இனி எந்தக் கோயிலிலும் பெயர் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். இங்கே அது பஸ் பாஸை ரத்து செய்வதுபோல ஒரு வேலை. சாப்பிடும்போது சொன்னான்.

"ஏன்டா?" என்றேன்.

"நம்பாத எடத்துல பேர் மட்டும் இருந்தா அது பொய்தானேப்பா?"

தமிழில்தான் சொன்னான். நாங்கள் பொத்திப் பொத்திக் கற்றுக்கொடுத்த தமிழ், எங்களை மறுப்பதற்கு நன்றாகவே உதவியது. ஜெயராணி எழுந்துபோய்த் தட்டைக் கழுவினாள். கழுவிய தட்டையே கழுவிக்கொண்டிருந்தாள்.

குளிர்காலத்தில் இங்கே இரண்டு கோயில்களும் ஒரே கூடத்தில் சேர்ந்து வழிபடுகின்றன. "ஆவியில் ஒன்றாக" என்று வாசலில் எழுதிவைத்திருக்கிறார்கள். உள்ளே போனதும் நான் பார்த்தது சுவரில் இருந்த வெப்பமானியை. எரிவாயு விலை ஏறிய பிறகு வந்த ஒற்றுமை இது. ஆவியில் ஒன்றோ என்னவோ, ஹீட்டரில் ஒன்று.

ஆலையில் காபி நேரத்தில் பக்கத்து மெஷின்காரன் யூர்கனிடம் இதைச் சொல்லப் போய் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். உங்கள் ஊரில் சபைகள் எப்படி என்று கேட்டான். "அங்கே ஒரு சபை இன்னொரு சபையின் ஆட்டைத் திருடும்" என்றேன், நம்மூர்ப் பேச்சை அப்படியே ஜெர்மனில் தூக்கிவைத்து. அவன் ரொட்டியைக் கீழே வைத்தான். "வேலி போடக் கூடாதா? போலீஸ் இல்லையா?"

"ஆடு என்றால் மனிதர்கள்" என்று விளக்கினேன். அதற்கப்புறம் அவன் அந்த ரொட்டியைத் தொடவில்லை.

3

யூர்கனுக்குப் புரியாதது உங்களுக்குப் புரியும். ஓசூருக்கு வேலைக்கு வருகிறவர்கள்தான் ஆடுகள். திருநெல்வேலியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் பெட்டியோடு வந்து இறங்கி, கம்பெனியில் சேர்ந்து, வாடகைக்கு வீடு பிடித்து, முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எந்த வாசலில் செருப்பைக் கழற்றுவார்கள் என்று அத்தனை சபைகளும் பார்த்துக்கொண்டிருக்கும். தமிழ்ச் சபை, கன்னடச் சபை, தெலுங்குச் சபை, பூசைக் கோயில், தகரக் கொட்டகை. லாரிகள் மாநில எல்லையைத் தாண்டும்போதாவது ஒரு நிமிஷம் வேகம் குறையும். ஆடுகள் தாண்டுவதற்கு அதுகூடக் கிடையாது.

என் தம்பி சாலமோனை ஆடு திருடன் என்றார்கள். எங்கள் சபையில் டிரம்ஸ் வாசித்தவன் அவன். டிரம்ஸ் சத்தம் அதிகம் என்று தொடங்கிய சண்டை எங்கெங்கோ போய், தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் முடிந்தது. அங்கே அவன் பாஸ்டர். சில குடும்பங்கள் அவனோடு எழுந்துபோயின. அதில் ஒருத்தி கிரேஸ். எங்கள் அக்கா ரூத்தின் சிநேகிதி.

அக்கா எங்கள் சபையின் பெண்கள் சங்கச் செயலாளர். அத்தான் இறந்தபின் அவளுக்கு வீடு பாதி, சபை பாதி. அவளுடைய கோபம் மற்றவர்களுடைய கோபம்போல இல்லை.

"ஆட்டத் திருடுனான்னு ஊரு சொல்லுது. எனக்கு அது இல்லடா. எம்பக்கத்துல ஒக்காந்து ஒரே பாட்டுப் புஸ்தகத்துல பாடிக்கிட்டிருந்தவள எழுப்பிக் கூட்டிட்டுப் போயிட்டான். இப்ப நான் யாரு கூட பாடறது?"

அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. வீடுகளுக்கு நடுவே இரண்டு பஸ் நிறுத்தம்தான். நான் இங்கிருந்து போன் செய்தால் அக்கா "அந்தாளு எப்டி இருக்காராம்?" என்பாள். தம்பி "உங்க அக்கா நல்லாருக்காங்களா?" என்பான். சொந்த அக்காவை எனக்கு மட்டும் எழுதிக்கொடுத்துவிட்டான்.

நம் வீடுகளில் டிசம்பர் மாதம் கேட்டில் நட்சத்திரம் தொங்கும். பாட்டு பாடி வருகிறவர்கள் நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் நிற்பார்கள். நின்று பாடினால் கேட்டைத் திறந்தாக வேண்டும். வந்தவர் யாராக இருந்தாலும் அன்றைக்குத் திறக்காமல் இருக்க முடியாது. போன டிசம்பரில் நான் லீவு போட்டு ஓசூருக்குப் பறந்ததே இந்த ஒன்றுக்காகத்தான். எல்லாச் சபைகளும் சேர்ந்து ஒரே கூட்டமாகப் பாடி வரப் போகின்றன, அக்கா தெருவுக்கும் வருகின்றன, தம்பியும் அதில் இருப்பான் என்று கேள்விப்பட்டேன். யாரும் யாரையும் அழைக்காமல், யாரும் யாரிடமும் இறங்காமல், அவன் அவள் வீட்டு வாசலில் நிற்க அப்படி ஒரு வழி இருந்தது.

4

அந்த ஒற்றுமை எப்படிப் பிறந்தது என்று விசாரித்தேன். விசாரிக்காமல் இருக்க என்னால் முடியாது. காலனிச் சங்கத்தார்தான் தாய் தகப்பன். வருஷா வருஷம் நாலு சபைகள் நாலு நாள் மேளம் கொட்டிக்கொண்டு வருவதால், ஷிப்ட் முடித்து வந்தவர்கள் தூங்க முடியவில்லை என்று புகார். "பாடறதா இருந்தா எல்லாரும் ஒரே நாள்ல பாடி முடிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். எல்லாரும் ஒன்றாயிருக்க வேண்டும் என்று கர்த்தர் செய்த ஜெபம் சாதிக்காததை ஒரு புகார் சாதித்தது.

ஆலோசனைக் கூட்டத்துக்கு வெளிநாட்டு விருந்தாளி என்று என்னையும் உட்காரவைத்தார்கள். கத்தோலிக்கக் கோயிலின் பங்குத்தந்தை, எங்கள் சபைப் போதகரான ஆயர், கன்னடச் சபையின் பெரியவர், என் தம்பி. முதலில் எல்லாரும் கைகோத்து ஜெபித்தார்கள். இரண்டு மொழிகளில், உருக்கமாக. ஆமென் சொன்ன கையோடு விதிகள் தொடங்கின.

"யாரும் காலண்டர் குடுக்கக் கூடாது" என்றார் எங்கள் ஆயர். வசனம் போட்ட காலண்டரைத்தான் சொன்னார். எந்தச் சபையின் காலண்டர் சுவரில் தொங்குகிறதோ அந்த வீடு அந்தச் சபைக்கு என்பது கணக்கு.

"போன் நம்பரும் வாங்கக் கூடாது" என்றார் கன்னடச் சபைப் பெரியவர்.

"ஜெபக்குறிப்பு கேக்கலாம் இல்லீங்களா?" என்றான் தம்பி.

"கேக்கலாம். எழுதிக்கக் கூடாது" என்றார் ஆயர்.

பங்குத்தந்தை சிரித்துவிட்டார். "கேட்ட ஒடனே மறந்துறணுமா ஆயரே?"

"எழுதுனா வீட்டு நம்பரும் சேர்ந்து வந்துரும் ஃபாதர்."

டிரம்ஸ் கிடையாது என்றும் முடிவாயிற்று. தம்பியின் விரல்கள் மட்டும் நாற்காலிக் கையில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தன. நட்சத்திரம் தொங்குகிற வீட்டில் நிற்பது, ஒரு வீட்டுக்கு ஒரு சபை என்று முறைவைத்து ஜெபிப்பது. நாலு பேரும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலை நான் நம்பவில்லை. ஏதோ ஒன்றை ஒளித்துவைத்துக்கொண்டு ஆடும் தலைகள் அவை.

வெளியே வந்து பைக்கில் ஏறும்போது தம்பியைப் பார்த்தேன். சட்டை தொளதொளவென்று இருந்தது.

"ஏன்டா இப்படி எளச்சிட்ட?"

"சக்கர வந்துருச்சுண்ணே. உங்க அக்காகிட்ட சொல்லிடாத. ஜெபக் குறிப்புல சேத்து மைக்குல படிச்சிருவாங்க."

வண்டி கிளம்பவில்லை. சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தான்.

"உங்க அக்கா கேட்டுல ஸ்டார் கட்டிருக்காங்களா?"

"கட்டிருக்கு."

"செவப்பா? ஒரு மொன மடங்கினதா?"

"ஆமா. பிளாஸ்திரி போட்டு ஒட்டிருக்கு."

"அது நான் பெங்களூர்லருந்து வாங்கியாந்தது. பஸ்ல மடங்கிருச்சு." சாவியைத் திருப்பிக்கொண்டே கேட்டான். "ஸ்டார் தொங்குனா கேட்டத் தொறந்துதானேண்ணே ஆவணும்?"

5

பாட்டுக் கூட்டம் வர வேண்டிய நாள். வெளியே போய்விட்டு மத்தியானம் திரும்பினேன். அக்கா கேட்டுக்கு அருகே ஸ்டூல் போட்டு ஏறி நின்று நட்சத்திரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க்கா கழட்டற?"

"ஆர்டர்."

"யாரோட ஆர்டர்?"

"சபையிலதான். இன்னிக்கு ஒரு நாளைக்கு நம்ம ஆளுங்க யாரும் ஸ்டார் போட வேணாம்னு வீடு வீடா சொல்லிட்டாங்க. நாலு சபைக்காரங்களும் தெருவுல வர்றாங்க. இன்னின்ன வீடு எங்க வீடுன்னு வெளிச்சம் போட்டுக் காட்டவா?"

"அப்ப பாட வர்றவங்க எங்க நிப்பாங்க?"

"அது அவங்க பாடு."

ஆலோசனைக் கூட்டத்தில் ஆடிய எங்கள் ஆயரின் தலை நினைவுக்கு வந்தது. "சாலமோன் வர்றான்க்கா" என்றேன்.

அவள் மேலிருந்தபடியே வயரைச் சுருட்டினாள். மடங்கிய முனையைக் கட்டைவிரலால் நீவிவிட்டாள். இறங்கினாள். "ஸ்டூல உள்ள கொண்டு போய் வை" என்றாள்.

ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். மேடையில் துண்டு விரித்து, பரணிலிருந்த எவர்சில்வர் டம்ளர்கள் அத்தனையும் கழுவிக் கவிழ்த்திருந்தன. வருஷா வருஷம் பாட்டுக்காரர்களுக்குக் காபி கொடுக்கும் டம்ளர்கள். ஆர்டர் வருவதற்கு முன்னால் கழுவியிருப்பாள், பாவம் என்று நினைத்தேன்.

திரும்பி வந்தபோது எதிர் வீட்டு மங்கம்மா கேட்டருகே நின்றிருந்தாள். நட்சத்திரம் அவள் கையில் இருந்தது. நாகரசம்பட்டிப் பக்கம் மாந்தோப்புக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த குடும்பம் அது. புருஷனுக்கு இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வேலை கிடைத்து இங்கே வந்தார்கள். வாசலில் மஞ்சள் பூசி, நிலைக்கு மேலே முனியப்பன் படம் மாட்டிய வீடு.

"தெரு லைட்டு எரியலீங்கண்ணா" என்றாள் என்னைப் பார்த்து. "எங்கூட்டுக்காரரு ரெண்டாவது சிப்டு. கம்பெனி பஸ்ஸு மொனையிலயே எறக்கி வுட்டுருது. கேட்டாண்ட ஒரு வெளிச்சம் இருந்தா தேவலைன்னு..."

"எடுத்துட்டுப் போ. சும்மாதானே கெடக்குது" என்றாள் அக்கா.

யார் முதலில் பேசினார்கள் என்று நான் பார்க்கவில்லை. இன்றைக்குவரை என்னை அரிக்கிற இடம் அதுதான்.

6

பனி இறங்கத் தொடங்கிய நேரத்தில் கூட்டம் தெருமுனைக்கு வந்தது. நானும் அதில் இருந்தேன். கிடார் ஒன்று, டாம்பரின் இரண்டு, பஞ்சுத் தாடிக்குள் வியர்த்துக்கொண்டிருந்த ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா. நாலு சபைகளின் பாடகர்கள் தங்கள் தங்கள் ஆட்களோடு ஒட்டிக்கொண்டு நடந்தார்கள். ஒரே பாட்டு, இரண்டு மொழி. ஒவ்வொரு மொழியும் மற்றதை முந்தப் பார்த்தது.

தெருவுக்குள் திரும்பியதும் பாட்டு தானாகத் தேய்ந்தது. ஒரு கேட்டிலும் நட்சத்திரம் இல்லை.

"கரண்ட் போயிருச்சா?" என்றார் பங்குத்தந்தை.

"இல்லீங்க ஃபாதர். உள்ள டீவி ஓடுது."

"இந்தத் தெருவுல நம்ம சனம் நெறைய இருக்காங்களே" என்றார் ஆயர், ரொம்பவும் ஆச்சரியப்பட்டவராக.

"எங்களவங்களும் இருக்காங்க. எங்க போய்ட்டாங்களோ" என்றார் கன்னடச் சபைப் பெரியவர், அதைவிட ஆச்சரியமாக.

தம்பி அண்ணாந்து வானத்தைப் பார்த்தான். பங்குத்தந்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எல்லா முகத்திலும் அதே ஆச்சரியம், ஒரே கடையில் வாங்கியதுபோல. அப்போதுதான் புரிந்தது. ஆயர் மட்டுமல்ல, நாலு பேரும் தங்கள் தங்கள் ஆட்களிடம் அதையே சொல்லியிருக்கிறார்கள். நாம் மட்டும்தான் சொன்னோம், மற்ற வீடுகளில் நட்சத்திரம் தொங்கும், அவர்கள் ஆடுகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொருவரும் நம்பி வந்திருக்கிறார்கள். கலந்துபேசாமலே நாலு சபைகளும் ஒருமனப்பட்டுச் செய்த முதல் காரியம் அது.

கிறிஸ்துமஸ் தாத்தாதான் கை நீட்டினார். "அந்தக் கடைசியில ஒண்ணு தெரியுது."

சிவப்பாக, ஒரு முனை மடங்கி, அந்தத் தெருவின் ஒரே நட்சத்திரம் மங்கம்மாவின் கேட்டில் எரிந்துகொண்டிருந்தது. நேரெதிரே அக்கா வீடு இருட்டாக இருந்தது.

"அண்ணே" என்றான் தம்பி என் காதருகே. "அது அக்காவோட ஸ்டாரு."

அக்கா என்றான். உங்க அக்கா என்று சொல்லவில்லை.

போய் நின்றார்கள். நிற்காமல் என்ன செய்வது? தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினார்கள். இரண்டாவது அடியில் மங்கம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"எங்கூட்டுக்கா வந்தீங்க? எங்களுக்கு சாமி வேறங்க" என்றாள், ஏதோ தப்பு செய்தவளாக.

"வெளிச்சம் இருந்துச்சு, வந்தோம்மா" என்றார் பங்குத்தந்தை.

பாட்டு முடிந்தது. அடுத்து ஜெபம். யாருடைய முறை? விதிப்படி ஒரு வீட்டுக்கு ஒரு சபை. இருந்ததோ இந்த ஒரே வீடு. இது எந்தச் சபையின் வீடும் இல்லை. நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதல்முறையாக ஒருவருக்கும் முந்தத் தோன்றவில்லை.

"என்ன வேண்டிக்கணும்மா?" என்றான் தம்பி. எழுதிக்கொள்ளக் கூடாத கேள்வி.

மங்கம்மா யோசித்தாள். "எங்கூட்டுக்காரரு பிரஸ்ஸுல இருக்காரு. போன மாசம் பக்கத்து மிசின் ஆளுக்கு ரெண்டு வெரல் போச்சு. இவரு கை பத்திரமா இருந்தா போதுங்க."

நான் பிரஸ் ஓடும் ஆலைகளில் வளர்ந்தவன். அந்த வேண்டுதலுக்கு மேலே ஒரு சொல் தேவையில்லை என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் கன்னடத்தில், ஒருவர் புத்தகத் தமிழில், ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டு, தம்பி கண்ணை இறுக மூடிக்கொண்டு, எல்லாரும் அந்த ஒரு ஜோடிக் கைக்காக மட்டும் ஜெபித்தார்கள். அன்று நான் சந்தேகப்படாமல் கேட்ட ஜெபம் அது ஒன்றுதான்.

7

"வந்துட்டு சும்மா போவக் கூடாது. காப்பி போடறேன்" என்று உள்ளே போன மங்கம்மா, அடுத்த நிமிஷமே வெளியே வந்து கூட்டத்தை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தெருவைக் குறுக்கே கடந்து அக்கா வீட்டுக் கேட்டைத் தட்டினாள்.

"ரூத்தக்கா! டம்ளர் குடுங்க்கா! எங்கூட்டுல பத்தல!"

இருட்டாக இருந்த வீட்டில் உடனே விளக்கு எரிந்தது. கேட் திறந்தது. அக்கா பெரிய தாம்பாளத்தில் டம்ளர்களை அடுக்கி எடுத்துக்கொண்டு வந்தாள். ஆராதனைக்குக் கட்டும் புடவையில் இருந்தாள். தலையைப் படிய வாரியிருந்தாள்.

மங்கம்மா காபியை ஊற்ற ஊற்ற, அக்காவே எடுத்து நீட்டினாள். பங்குத்தந்தைக்கு, ஆயருக்கு, கன்னடச் சபைப் பெரியவருக்கு, பஞ்சுத் தாடியைத் தூக்கிப் பிடித்த தாத்தாவுக்கு. தம்பியின் சபையாரோடு வந்திருந்த கிரேஸுக்கும் நீட்டினாள், முகத்தைப் பார்க்காமல். பிறகு தனியாக ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு தம்பி முன்னால் வந்து நின்றாள்.

"இந்தா. இதுல சக்கர இல்ல."

தம்பி திரும்பி என்னைப் பார்த்தான். நான் சத்தியமாகச் சொல்லவில்லை என்று தலையை ஆட்டினேன். உண்மையிலேயே நான் சொல்லவில்லை.

"யாரு சொன்னாங்க?" என்றான்.

"சட்டையப் பாத்தாலே தெரியுதே. கோட் ஸ்டாண்டுல மாட்டின மாதிரி." டம்ளரை அவன் கையில் வைத்தாள். "மேல பாடறப்ப தொண்ட கீச்சுங்குது. மூச்சு விட்டுப் பாடு."

"சரிக்கா."

அவ்வளவுதான். கட்டிப்பிடிக்கவில்லை, கண்ணீர் இல்லை. அக்கா தாம்பாளத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். அடுத்த பாட்டு தொடங்கியது. கிரேஸ் தன் பாட்டுத்தாளை மெல்லச் சாய்த்துப் பிடித்தாள், பக்கத்தில் நிற்பவருக்கும் தெரிகிற மாதிரி. அக்கா அதைத் தொடவில்லை. நகர்ந்தும் போகவில்லை. மூன்றாவது அடியில் அவள் குரல் கேட்டது.

மறுநாள் காலையில் பார்த்தேன். தெரு முழுக்க எல்லாக் கேட்டிலும் நட்சத்திரம் திரும்ப வந்திருந்தது, ஒன்றுமே நடக்காததுபோல. அக்கா கேட்டில் மட்டும் இல்லை.

8

இந்த வருஷம் தம்பி சில ஞாயிற்றுக்கிழமைகளில் தன் ஆராதனை முடிந்து அக்கா வீட்டில் சாப்பிடுகிறான். கொட்டகைக்கு அக்கா இன்னும் போகவில்லை. கூட்டுப் பாட்டு இந்த டிசம்பரிலும் உண்டா என்று கேட்டால், யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

இன்று சாயங்காலம் அக்காவுக்கு வீடியோவில் போன் செய்தேன். ஜெயராணியும் ஜோயலும் பக்கத்தில் இருந்தார்கள். அங்கே நேரமாகிவிட்டது, கொட்டாவி விட்டுக்கொண்டே எடுத்தாள். முதலில் ஒரு வருஷமாகத் தொண்டையில் நிற்பதைக் கேட்டேன்.

"ஏங்க்கா, அன்னிக்கு அந்த ஸ்டார மங்கம்மா கேட்டாளா, நீயே கூப்ட்டுக் குடுத்தியா?"

"அது பல்பு விட்டு விட்டு எரிஞ்சிச்சு. எனக்கு வேணான்னு குடுத்தேன்."

அது ஒரு கணம்கூட விட்டு எரியவில்லை. நான் அதன் கீழேதான் நின்றிருந்தேன்.

"அவனுக்குச் சக்கரன்னு ஒனக்கு யாரு சொன்னது?"

"நீ எதுக்குடா போன் பண்ணே? அதச் சொல்லு."

கெல்லரம்மா வந்ததைச் சொன்னேன். சன்னல் வழக்கத்தைச் சொன்னேன். இவர்கள் எதற்காகக் கேட்கிறார்கள் என்று புரியவில்லை என்றேன். புரிந்தாலும், எங்கள் சன்னல் குப்பைத் தொட்டியைப் பார்க்கிறது, தெருவைப் பார்ப்பது எதிர் வீட்டுக் கிழவருடைய சன்னல், அவருக்குக் கோயிலே ஆகாது, அதனால் முடியாது என்று சொல்லிவிடப் போகிறேன் என்றேன்.

"வெளக்க எதிர் வீட்டுல குடு" என்றாள் அக்கா.

நான் வாக்கியத்தை முடிக்கக்கூட இல்லை. எங்கள் அக்கா எதற்கும் இவ்வளவு வேகமாகப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. திரையில் அவள் முகத்தைப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்வதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜோயல் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "பிரான்ட் தாத்தாகிட்ட நான் கேக்கறேன். ஆனா நான் பாட மாட்டேன், சரியா?" கதவு திறந்தது. எதிர் வீட்டு மணி ஒலித்தது. ஜெயராணி என்னைப் பார்த்தாள். நான் போனைப் பார்த்தேன்.

"வர்றவங்களுக்குக் குடிக்க என்ன குடுப்பீங்க?" என்றாள் அக்கா.

"பழரசம் காய்ச்சணும். டம்ளர் வேணாம்க்கா. இங்க அவங்கவங்க கப்ப அவங்கவங்களே கொண்டாந்துருவாங்க."

"யாராவது ஒருத்தர் மறந்துட்டு வருவாங்கடா" என்றாள். "அவரு எங்கருந்து எடுப்பாரு? எதிர் வீட்டுல வந்துதான் கேக்கணும். இருக்கற டம்ளரயெல்லாம் மத்தியானமே கழுவிக் கவுத்து வை."